பழங்கற்படி

தொட்டியத்தில் என் தமக்கையின் வீடு இருக்கிறது. வாழைத் தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ்ந்த காவிரிக்கரை ஊர் அது. மதுரகாளியம்மன் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் அக்காவிடமிருந்து அழைப்பு வரும். நானும் வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இந்தத் தடவை தப்பிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்த அன்று இரவு பன்னிரண்டு மணி இருக்கும். மாடி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா மகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் வேலை; திருவிழாவுக்கு வந்த இடத்திலும் வேலை விடவில்லை போலிருக்கிறது. திரையில் ஏதோ எண்கள் எறும்புச் சாரிபோல் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னடா இது, தூங்காமல்?"

"குடித்தனம் மாற்றுகிறேன், மாமா" என்றான். "ஒரு கம்பெனியின் கோப்புகள் முப்பது லட்சம். இதுவரை ஒரு கிளவுடில் இருந்தன. இப்போது இன்னொரு கிளவுடுக்குப் போகின்றன."

மேகத்திலிருந்து மேகத்துக்கு! காளிதாசன் ஒரு மேகத்தைத்தான் தூது அனுப்பினான். இவன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மூட்டை முடிச்சையே அனுப்புகிறான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னான்.

கிளவுட் என்பது மேகமும் அல்ல, ஆகாயமும் அல்ல. எங்கோ ஒரு ஊரில் குளிர்சாதனம் போட்ட கட்டடத்தில் வரிசையாக அடுக்கிய இயந்திரங்கள்தாம். ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்குச் சரக்கு போகும்போது அது தொட்டியத்து வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகவேண்டியதில்லை. இங்கிருந்து உத்தரவு மட்டும் போகும்; சரக்கு அங்கிருந்து அங்கேயே போகும். ஆனால் உத்தரவில் ஒழுங்கு வேண்டும். முதலில் என்னென்ன இருக்கின்றன என்று ஜாபிதா. இரண்டாவது, படி எடுப்பது. நடுவில் தடைப்பட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர்வது. மூன்றாவது, சரிபார்ப்பது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் ஒரு கணக்குக்கு உட்படுத்தினால் ஓர் எண் கிடைக்கும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பழைய இடத்து எண்ணும் புதிய இடத்து எண்ணும் ஒன்றாக இருந்தால் படி சரி. அதற்கு 'செக்சம்' என்று பெயராம். இத்தனையும் முடிந்த பிறகுதான் நான்காவது காரியம்: பழையதை அழிப்பது.

"படி எடுக்க ஒருத்தர் உத்தரவு போதும், மாமா. அழிப்பதற்குத்தான் மூன்று பேர் சம்மதம் வேண்டும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதை நேயர்களிடம் மறைப்பானேன்?

எங்கள் தகப்பனார் இந்தத் தொட்டியத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். நான் திருச்சியில் படித்த காலத்திலும், பிறகு வேலை தேடி அலைந்த காலத்திலும் வாரம் ஒரு கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்களை அக்கா ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். பெட்டி துருப்பிடித்துக் காகிதத்தில் செல்லரிக்க ஆரம்பித்ததும், "நீ எழுதுகிறவன், நீயே வைத்துக்கொள்" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் நவீன மனிதன் அல்லவா? ஒவ்வொன்றையும் படம் பிடித்துக் கிளவுடில் ஏற்றினேன். இனி அரித்துப்போன காகிதம் எதற்கு என்று, ஒரு போகிப் பண்டிகையன்று அவற்றை நெருப்பில் போட்டேன். சில வருஷங்களுக்குப் பின், அந்தக் கம்பெனி கட்டணத்தை உயர்த்தியபோது வேறொரு கம்பெனிக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். புதிய இடத்தில் பெயர்களை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. பழைய இடத்தை அழித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, தகப்பனார் திதியன்று ஒரு கடிதத்தைத் திறந்தேன். ஒன்றுமில்லை. அடுத்ததைத் திறந்தேன். ஒன்றுமில்லை. பெயர் இருந்தது, தேதி இருந்தது, உள்ளே கடிதம் இல்லை. தலைகளை எண்ணினேனே தவிர, உயிர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. 'அந்தக் கடிதங்களை ஒரு நாள் படித்துக் காட்டு' என்று அவள் இந்த வருஷம் எழுதியிருந்தாள். சாக்குச் சொல்ல முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

மறுநாள் காலை அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், கோயில் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன். தொட்டியம் வட்டத்திலேயே, காவிரியின் வடகரையில் சீனிவாசநல்லூர் இருக்கிறது. அங்கே முற்காலச் சோழர் கட்டிய அழகான கற்கோயில் ஒன்று, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. முதற் பராந்தகன் காலத்தது என்பார்கள். அவன் ஆண்டது கி.பி. 907 முதல் 955 வரை. மாடத்தில் மரத்தடியில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியின் முகத்தைப் பார்த்தால் நம் கவலை கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

கோயிலுக்குக் கோரங்கநாதர் கோயில் என்று பெயர். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள்: கட்டி முடிக்கும் சமயத்தில் ஒரு குரங்கு கோயிலை உதைத்துவிட்டதாம், அதனால் பிரதிஷ்டை நடக்காமலே போயிற்றாம். ஆனால் சுவரில் உள்ள சாசனங்களைப் படித்தவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். அந்த ஊருக்கு அக்காலத்தில் மகேந்திரமங்கலம் என்று பெயர். சுவாமிக்குத் 'திருக்குரக்குத்துறைப் பெருமானடிகள்' என்று பெயர். குரக்குத்துறை என்பது வாய்க்கு வாய் மாறிக் குறுகிக் கோரங்கம் ஆகி, பெயருக்குப் பொருள் தெரியாமற்போன பிறகு குரங்கு உதைத்த கதை முளைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாய் எடுத்த படியில் பிழை ஏறியது. கல்லில் இருந்த படி அப்படியே இருந்தது. கல் மட்டும் பேசாமல் இருந்திருந்தால், அந்தக் குரங்குதான் இன்று சரித்திரமாகியிருக்கும்.

சரி, கல் நிற்கும்வரை எழுத்தும் நிற்கும். கல்லையே பெயர்க்க வேண்டி வந்தால்?

இந்தக் கேள்விக்குப் பதில், காவிரித் தண்ணீரின் பின்னாலேயே போனால் கிடைக்கும். தொட்டியத்தைத் தாண்டிப் போகும் ஆறு முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. காவிரி ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே போக, வடக்கே பிரிகிற கொள்ளிடம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அந்தக் கொள்ளிடத்தின் வடகரையில், இன்று அரியலூர் மாவட்டத்தில் சேர்ந்துள்ளது திருமழபாடி. பங்குனி மாதத்தில் நந்திக்குக் கல்யாணம் நடக்குமே, அதே ஊர்தான். அங்கே வைத்தியநாத சுவாமி கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டுமென்று முதலாம் ராஜராஜ சோழன் தன்னுடைய 28-ம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1013-ல் உத்தரவிட்டான். உத்தரவில் இன்னொரு வாசகமும் இருந்தது: இடிப்பதற்கு முன்னால், சுவரில் உள்ள கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த உத்தரவைப் பற்றி முதல்முறை படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஈழம் ஒரு பக்கம் இருக்கட்டும். ராஜராஜனை மகாராஜன் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு வாசகத்துக்காகத்தான்.

ஏன் அவனுக்கு இவ்வளவு கரிசனம்? பழமையின் மீது ஆசை என்று மட்டும் நினைக்கவேண்டாம். கோயில் சுவர்தான் அந்தக் காலத்துப் பத்திரப் பதிவு ஆபீஸ். யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், அதன் நாற்புற எல்லை என்ன, எவ்வளவு நெல் வர வேண்டும் என்றெல்லாம் சுவரில் இருக்கும். சந்நிதியில் அணையாத ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவை சாவா மூவாப் பேராடுகள். கிழடு செத்தாலும் குட்டி பிறந்து எண்ணிக்கை குறையாது என்பது கணக்கு. இடையரும் அவர் சந்ததியாரும் தினம் இத்தனை நெய் அளக்க வேண்டும். சுவரில் அந்த எழுத்துப் போய்விட்டால் யார் யாரைக் கேட்க முடியும்? ஒரு தலைமுறையில் நெய் குறையும். மறு தலைமுறையில் விளக்கு அணையும். தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தானும் தமக்கையும் பெண்டிரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லிலே வெட்டச் சொன்னவன் ராஜராஜன். எழுத்து அழிந்தால் தர்மம் அழியும் என்று அவனுக்குத் தெரியாதா?

புத்தகம் என்றதும் அச்சுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது; ஓலைச்சுவடி என்றே கொள்ளவேண்டும். கல்லிலிருந்து ஓலைக்கு எழுத்து இறங்கிற்று. உத்தரவு பிறந்த மறு வருஷம், 1014-ல், ராஜராஜன் காலமானான். மகன் ராஜேந்திரனுக்கோ ஓய்வு ஒழிச்சல் இல்லை. அவன் படை கங்கைக் கரை வரை போயிற்று. கப்பலேறிக் கடாரத்துக்கும் போயிற்று. இந்த ஆரவாரத்துக்கு நடுவில், திருமழபாடிக் கல்வெட்டுகள் ஓலையில் காத்திருந்தன. ராஜேந்திரனின் 14-ம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1026-ல், புத்தகத்திலிருந்து அவை மறுபடி கோயில் சுவரில் ஏறின.

நடுவிலே பதின்மூன்று ஆண்டுகள்! பழைய சுவர் இடிந்த பிறகு புதுச் சுவரில் எழுத்து ஏறும்வரை, அத்தனை தர்மங்களும் ஒரு கட்டு ஓலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். செல் அரித்திருக்கலாம், கூரையில் தீப்பிடித்திருக்கலாம், உத்தரவிட்ட ராஜாவே இல்லையே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று கோயில் கணக்கர் அலட்சியமாக இருந்திருக்கலாம். அப்படி ஒன்றும் நேரவில்லை. யாரோ ஒருவர் மழைக்காலத்தில் கட்டை அவிழ்த்து உலர்த்தியிருப்பார். எண்ணெய் தடவித் திரும்பக் கட்டியிருப்பார். கங்கைக்குப் போன சேனையைப் பாடப் புலவர்கள் இருந்தார்கள். அந்தக் கணக்கருக்கு யார் இருக்கிறார்கள்? சரித்திர நாவல் எழுத ஆசைப்படும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: குதிரை மீது வந்தியத்தேவர்கள் போதும், இந்த ஓலைக்கட்டுக்காரரைக் கொஞ்சம் பாருங்கள்.

ராஜேந்திரனுக்கு இது ஒரு வழக்கமே என்று சொல்லலாம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைத் தன் 21-ம் ஆட்சியாண்டில் ராஜராஜன் அளித்தான். அதைத் தந்தைக்குப் பின் அழியாத செப்பேட்டில் ஏற்றியவனும் ராஜேந்திரனே. லெய்டன் செப்பேடு என்று இன்று பேர் பெற்றிருப்பது அதுதான். அதன் தமிழ்ப் பகுதியில் வரிசையாக எத்தனை அதிகாரிகளின் பெயர்கள்! எழுதியவர் ஒருவர், ஒப்பியவர் பலர். என் மருமகனுடைய செக்சத்துக்கும் மூன்று பேர் சம்மதத்துக்கும் அந்தக் காலத்து வடிவம் இதுதான் போலும்.

ஆனால் படி எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அதையும் மருமகனே முந்தின இரவு சொல்லியிருந்தான். ஒரு கோப்பை இடம் மாற்றினால், அது பிறந்த தேதி போய், இடம் மாறிய தேதி அதன் தலையில் ஏறிக்கொள்ளுமாம். இருபது வருஷத்துக் கணக்குக் காகிதம் இன்று காலை எழுதியது போல் நிற்குமாம். பழைய தேதியைத் தனியாகக் குறித்து வைக்காவிட்டால் பிற்காலத்தில் யாருக்கும் உண்மை தெரியாது.

கல்லுக்கும் இதே கதிதான். கண்டராதித்த சோழரின் தேவியாகிய செம்பியன் மாதேவியார், செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றிய மகராசி. கும்பகோணத்துக்கு அருகே திருக்கோடிக்காவலில் அவர் எடுப்பித்த கோயிலில் பல்லவ மன்னர்களின் சாசனங்கள் இருக்கின்றன. ஆனால் எழுத்தின் வடிவமோ பல்லவர் காலத்தது அல்ல. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிந்திய சோழர் கால எழுத்து. காரணம், சிதறிக் கிடந்த பழைய கற்களில் இருந்ததை அம்மையார் புதுச் சுவரில் பொறிக்கச் செய்தார். படி எடுத்தாகிவிட்டபடியால் பழைய கற்கள் இனி வேண்டாமென்று தள்ளப்பட்டன. இந்த விவரமும் அங்கேயே கல்லில் இருக்கிறது. அப்படி மாற்றியவர்கள் தாங்கள் செய்ததை ஒளிக்கவில்லை. 'இது ஒரு பழங்கற்படி' என்று குறித்து வைத்தார்கள். பழைய கல்லின் படி இது. மூலம் என்று நினைத்து ஏமாறாதே என்று அர்த்தம். கல்வெட்டு அறிஞர்களுக்கு இந்தச் சிறு குறிப்பு பெரிய வழிகாட்டி. இது இல்லாவிட்டால், பல்லவ ராஜாவின் பெயரையும் சோழ எழுத்தையும் வைத்துக்கொண்டு, போலிச் சாசனமோ என்று சண்டை போட்டிருப்பார்கள்.

பின் வந்த நாட்களில் படி எடுக்கும் வேலை வேறு கைக்குப் போயிற்று. 1886-ல் சென்னை அரசாங்கத்துக்குக் கல்வெட்டாய்வாளராக வந்தார் ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானியர். அவருக்குப் பின் வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி முதலியவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். சுவரைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்துக் காகிதத்தை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றி எடுப்பார்கள். கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்தாகச் சுவரே காகிதத்தில் வந்துவிடும். மைப்படி என்று அதற்குப் பெயர். கணக்கர் கண்ணால் பார்த்து ஓலையில் எழுதியதைவிட இது ஒரு படி மேல். எழுத்தின் வடிவமும் சேர்ந்தே வருகிறது.

அந்த மைப்படிகள் உதகமண்டலத்தில் இருந்தன. 1966-ல் அலுவலகத்தோடு மைசூருக்குப் போயின. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டுமென்று வழக்கு நடந்து, 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படியே உத்தரவிட்டது. பிறகு படிப்படியாக அவை சென்னை வந்து சேரலாயின. இப்போது அவற்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். முதற்கட்டமாக ஒரு லட்சம் பழங்கல்வெட்டுகளை மின்வடிவில் சேர்க்கப்போவதாக 2023 மத்திய வரவு செலவு அறிக்கையில் அறிவித்தார்கள். கல்லிலிருந்து ஓலை, ஓலையிலிருந்து கல், கல்லிலிருந்து காகிதம், காகிதத்திலிருந்து மேகம்! திருமழபாடியில் ஆரம்பித்த குடித்தனம் மாற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை.

இதற்கிடையில், திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுவரைப் 'பளிச்' சென்று ஆக்கியவர்களும் உண்டு. எழுத்தின் மேலே சிமெண்டைப் பூசியவர்களும், கல்வெட்டுள்ள கல்லைத் தலைகீழாக வைத்துக் கட்டியவர்களும் உண்டு. அங்கேயெல்லாம் மைசூரிலும் சென்னையிலும் உள்ள ஒரு தாள் கறுப்புக் காகிதம்தான் மிச்சம். படி எடுக்காமல் விட்டுப்போன இடத்தில் அதுவும் இல்லை. யார் கொடுத்த விளக்கோ, யார் மேய்த்த ஆடோ, நமக்குத் தெரியாது. இடிக்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்ல. கும்பாபிஷேகம் நன்றாக நடக்க வேண்டுமென்ற பக்திதான். போகியன்று எனக்கும் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வரிசை தவறிவிட்டது, அவ்வளவுதான். படி எடு, ஒப்பிட்டுப் பார், பிறகு இடி. ராஜராஜன் முதலில் சொன்னதை நாங்கள் கடைசியில் செய்தோம். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தோம்.

சாயங்காலம் வீடு திரும்பினேன். அக்கா வாசல் திண்ணையில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போகி நெருப்பையும் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. நாரில் இன்னும் நாலைந்து பூ ஏறிற்று.

"ஒன்றுகூட இல்லையாடா?"

"இல்லை, அக்கா."

எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு இருந்தது. பால் கணக்கு, வண்ணான் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. நடுவில் ஒரு பக்கத்தில், அவளுடைய கோணல் எழுத்தில், ஒரு கடிதம். அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்த செய்தி கேட்டு அப்பா எனக்கு எழுதியது. என்னிடம் பெட்டியைக் கொடுக்கும் முன் அதை மட்டும் பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். மேலே ஒரு வரி: 'அப்பா தம்பிக்கு எழுதினது. அசலைப் பார்த்து நான் எழுதினேன்.' கீழே தன் பெயரும் தேதியும் போட்டிருந்தாள்.

அப்பாவின் கையெழுத்து அழகானது. மண்டிக் கணக்கில் பழகிய நீண்ட கொம்புகள் அதில் இருக்கும். இந்தப் பக்கத்தில் அவை இல்லை. ஆனாலும் வாசகம் அவருடையது. அக்கா கேட்டபடி அதைப் படித்துக் காட்டினேன்.

மாடியில் மருமகன் கூப்பிட்டான். முப்பது லட்சமும் போய்ச் சேர்ந்துவிட்டனவாம். "அப்படியானால் பழையதை அழித்துவிட்டாயா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒப்பிட்டு முடியவில்லை, மாமா. முடிந்தாலும் ஒரு மாசம் தொடமாட்டேன்" என்றான்.

அவனுக்கு ராஜராஜனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் சொன்னேன்.